புது கார்டு போட்டதும் 'டப்'பென்று அணையும் கேம் கம்ப்யூட்டர்: கோளாறு எங்கே? கடைக்கு தூக்கும் முன் பாருங்க!

திருவண்ணாமலை:-

விடிந்தால் கல்யாண வீடியோவை கொடுத்தாக வேண்டும். ராத்திரி 11 மணி. முக்கால்வாசி ஓடி முடிந்த நேரத்தில் கம்ப்யூட்டர் 'டப்' என்று அணைந்தது. அடுத்த நொடியே தானாக உயிர் வந்து எழுந்து உட்கார்ந்தது. முதலில் இருந்து ஓட விட்டான். மறுபடியும் 'டப்'. அன்று ஒரு ராத்திரியில் மட்டும் 4 முறை.

"மாமா, நாளைக்கு நான் ஸ்டூடியோவுல மூஞ்சியே காட்ட முடியாது" என்று போனில் அழாத குறை. பேசியது வேறு யாரும் அல்ல. இந்த நிருபரின் அக்கா மகன்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அக்கா கோவில் பக்கம் பூ கட்டி விற்கிறார். பவுர்ணமி கிரிவலம் வந்தால் நாலு காசு பார்ப்பார். மகன் பிளஸ்-2 முடித்துவிட்டு, ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி கொடுக்கிறான். வீடியோவுக்கு இவ்வளவு என்று கூலி. வேலை முடிந்தால் நடுராத்திரி வரை கேம். வீட்டில் அதை 'கேம் கம்ப்யூட்டர்' என்று திட்டுகிறார்களே தவிர, தையல்காரருக்கு மிஷின் எப்படியோ அவனுக்கு அது அப்படி.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. இன்டெல் 10-ம் தலைமுறை ஐ-5 புராசசர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2024 ஆடி மாதம் மகளிர் குழுவில் ரூ.30 ஆயிரம் கடன் எடுத்து கொடுத்தார் அக்கா. அதில் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றும், கூடுதலாக 8 ஜி.பி. ரேம் ஒன்றும் போட்டான். அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

ஒரு கடையில் "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று ரூ.500 வாங்கிக்கொண்டு புதிதாக ஏற்றி கொடுத்தார்கள். 2 நாள் தாங்கியது. இன்னொரு கடையில் மூடியை கூட திறக்காமல், "போர்டு போயிடுச்சு, ரூ.8 ஆயிரம் ஆகும்" என்றார்கள். அக்கா என்னை பார்த்து, "ஏன்டா தம்பி, புதுசா வாங்கி போட்டா நல்லா ஓடணும். இது என்ன, இருந்ததும் கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே?

எனக்கு பியூஸ் போடவே பயம். ஆனாலும் விடக்கூடாது என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு, ஒரு மாதம் அந்த பெட்டியோடு மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

எப்படி அணைகிறது?

முதலில் பார்க்க வேண்டியது, கம்ப்யூட்டர் எப்படி சாகிறது என்பதைத்தான். அதிலேயே பாதி துப்பு கிடைத்துவிடும்.

சுவிட்சை யாரோ அணைத்த மாதிரி சட்டென்று இருண்டு போனால், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் கரண்ட் சமாசாரம். நீல திரை வந்து ஏதோ பெயர் காட்டிவிட்டு அணைந்தால் ரேம், டிரைவர், புராசசர் என்று சந்தேகம் போகும். (2025-ல் விண்டோஸ் 11-ல் அந்த நீல திரையை மைக்ரோசாப்ட் கறுப்பு திரையாக மாற்றியது. கலர்தான் மாறியது, வியாதி அதேதான்.) கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க, கேம் மட்டும் மூடிக்கொண்டால் ரேம், டிரைவர் அல்லது அந்த கேமின் பைல்களில் கோளாறு. படம் உறைந்து நின்று, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டு பக்கம் பார்க்க வேண்டும்.

விண்டோசில் 'ஈவன்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. அதில் சிவப்பு குறியோடு 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதை பார்த்ததும் பலர் "ஆஹா, கண்டுபிடிச்சாச்சு" என்று குதிக்கிறார்கள். அது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இல்லை. 'ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது' என்ற சேதி மட்டும்தான். பிளக்கை பிடுங்கினாலும் அதே 41 வரும். ஆனால் பக்கத்தில் 'வியா லாகர்' என்ற பெயர் இருந்தால் கவனியுங்கள். புராசசரோ மற்ற ஹார்டுவேரோ "எனக்கு முடியலை" என்று தானே எழுதி வைத்த புகார் அது.

நம்ம பையன் கம்ப்யூட்டரில் 41 மட்டும்தான் வரிசையாக இருந்தது. அதுவும் வீடியோ ஏற்றும்போதும், பெரிய கேம் ஆடும்போதும்தான். சும்மா பாட்டு கேட்டால் நாள் முழுக்க ஓடும்.

கணக்கு போட்டதும் அதிர்ச்சி

பெட்டிக்குள் மூலையில் இருக்கும் இரும்பு டப்பாதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டு கரண்ட் 230 வோல்ட்டை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட் என்று பிரித்து கொடுப்பது அதுதான். பெட்டியோடு இலவசமாக வந்த டப்பா. மேலே '450' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 450 வாட் என்று நாமும் நம்பிக்கொண்டிருந்தோம்.

டார்ச் அடித்து பக்கவாட்டு ஸ்டிக்கரை படித்தால் வேறு கதை. '12 வோல்ட்' என்ற வரியில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் வரியில் இருந்துதான்.

இப்போது செலவு கணக்கை பாருங்க. 3060 கார்டு 170 வாட் கேட்கும். அந்த ஐ-5 புராசசர் பெயருக்கு 65 வாட். ஆனால் முழு மூச்சில் ஓடும்போது கொஞ்ச நேரத்துக்கு 134 வாட் வரை எடுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. இரண்டும் சேர்ந்து 304. வரவு 216! இது போதாது என்று கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கு, எழுதியிருப்பதை விட அதிகமாகவும் இழுக்கும். அந்த இடத்தில்தான் எஸ்.எம்.பி.எஸ். தன்னை காப்பாற்றிக்கொள்ள கையை விரித்துவிடுகிறது. அதுதான் அந்த 'டப்'. அணைந்தது ஒரு வகையில் நல்லது. சில மலிவு டப்பாக்களில் அந்த பாதுகாப்பே இருக்காது, கருகி புகைந்து பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எரித்துவிடும்.

என்விடியா நிறுவனம் இந்த கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று எழுதித்தான் விற்கிறது. கார்டை விற்ற கடையில் யாரும் அதை கேட்கவில்லை. நாமும் படிக்கவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல். பழைய டப்பாவில் கார்டுக்கான 8 பின் வயரே கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்கு போகும் வயரில் ஒரு மாற்று வயரை சொருகி ஓட்டியிருக்கிறார்கள். கழற்றி பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. 8 பின் வழியாக 150 வாட் வரை போகும். அதை அந்த சின்ன வயர் தாங்கும் என்று எந்த தைரியத்தில் சொருகினார்களோ!

போர்டு மாற்றும் முன், நண்பன் ஒருவன் வீட்டு 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்.சை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி போட்டோம். கல்யாண வீடியோ முழுசாக ஓடி முடிந்தது. ஒரு 'டப்' கூட இல்லை. மறுநாள் ரூ.4 ஆயிரத்து 600-க்கு நல்லதாக ஒன்று வாங்கினோம். சோதிப்பவர்கள் இப்படித்தான் இரவல் வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி பார்க்க வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றினால், எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது.

இங்கே 2 எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்சாரம் தங்கியிருக்கும். அடுத்தது, வயர்கள் தனியாக கழன்று வரும் மாடல்களில் ஒரு கம்பெனி வயரை இன்னொரு கம்பெனி டப்பாவில் சொருகக்கூடாது. பார்க்க ஒரே மாதிரி பொருந்தும். உள்ளே வரிசை மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே காலி.

தொட்டால் சுர்ர்...

பெட்டியை வெறுங்காலோடு தொட்டால் 'சுர்ர்' என்று இழுப்பதாக பையன் முன்பே சொல்லியிருக்கிறான். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம், வீட்டில் எர்த் இல்லை. பிளக் பாயின்டில் 3 ஓட்டை இருந்தது. மேல் ஓட்டைக்கு பின்னால் வயரே இல்லை!

எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு தள்ளிவிடும். எர்த் இல்லாவிட்டால் அது இரும்பு பெட்டியிலேயே தங்கும். சுமார் 115 வோல்ட், அதாவது பாதி கரண்ட். அளவு மிக சிறியது என்பதால் பொதுவாக சுர்ரென்பதோடு நிற்கும். ஆனால் ஸ்பீக்கர், பென் டிரைவ், டி.வி. வயர் என்று எதை சொருகினாலும் அந்த வழியாக பாய பார்க்கும். டப்பாவுக்குள் வேறு கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரரிடம் பேசி எலக்ட்ரீசியனை வைத்து எர்த் போட்டோம். செலவு ரூ.700.

தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லலாம்.

யு.பி.எஸ். பற்றியும் பலர் தப்பு கணக்கு போடுகிறார்கள். சந்தையில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட்தான். ஆன்லைன் வகுப்பு கம்ப்யூட்டருக்கு போதும். கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடும்போது கரண்ட் போனால், யு.பி.எஸ்.சும் சேர்ந்தே படுத்துவிடும். பேட்டரி 3 வருஷம் பழையது என்றால் கேட்கவே வேண்டாம். நம் வீட்டில் இன்னும் பெரியது வாங்கவில்லை. மழை கறுத்தால் பையன் வேலையை நிறுத்திவிடுகிறான்.

தீர்ந்தது என்று நினைத்தால்...

ஒரு வாரம் நிம்மதி. அதன் பிறகு, "மாமா, வேற மாதிரி போகுது" என்று போன். இப்போது கம்ப்யூட்டர் அணையவில்லை. கேம் மட்டும் மூடிக்கொள்கிறது. ஒரு நாள் நீல திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தது. ஏற்றி முடித்த வீடியோ ஒன்றில் தாலி கட்டும் நேரத்தில் பச்சை கட்டமாக படம் உடைந்து போனது. ஸ்டூடியோக்காரர் காய்ச்சி எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒரே நேரத்தில் 2 கோளாறு இருக்கலாம். முதல் கோளாறின் சத்தத்தில் இரண்டாவது மறைந்து கிடக்கும்.

ரேமை சோதிக்க 'மெம்டெஸ்ட் 86' என்ற இலவச சாப்ட்வேர் உண்டு. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் வரும் முன்பே ஓட விட வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி போட்டுவிட்டு படுத்தால் காலையில் பார்க்கலாம். விண்டோசிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஒன்றும் இருக்கிறது. அதில் தப்பு காட்டாவிட்டால் ரேம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். 'ஒண்ணுதானே' என்று விடக்கூடாது.

காலையில் பார்த்தால் திரை முழுக்க சிவப்பு. 2 ரேமையும் கழற்றி, காண்டாக்ட் பகுதியை ரப்பரால் மெதுவாக தேய்த்து மாட்டியும் அதே சிவப்பு. பிறகு ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டினோம். பழையது சுத்தம். புதியதில்தான் பிழை. இடத்தை மாற்றி மாட்டினாலும் பிழை ரேமோடு சேர்ந்தே வந்தது. போர்டு மேல் இருந்த பழி அத்தோடு நீங்கியது.

சில வீடுகளில் ரேம் நல்லதாகவே இருக்கும். பயாசில் 'எக்ஸ்.எம்.பி.' என்று வேகத்தை கூட்டி வைத்திருப்பார்கள். அந்த வேகத்தை போர்டும் புராசசரும் தாங்காமல் தடுமாறும். அதை அணைத்து, சாதாரண வேகத்தில் 2 நாள் ஓட்டி பாருங்க. புராசசர், கார்டு எதையாவது ஓவர்கிளாக் செய்திருந்தாலும் முதலில் பழைய நிலைக்கு கொண்டுவந்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

டிரைவர் தகராறும் உண்டு. ஏ.எம்.டி. கார்டை எடுத்துவிட்டு என்விடியா போட்டால் பழைய டிரைவர் மிச்சம் மீதி உள்ளேயே கிடக்கும். 'டி.டி.யு.' என்ற இலவச சாப்ட்வேரை சேப் மோடில் ஓட்டி துடைத்துவிட்டு புதிதாக போட்டால் சரியாகும்.

வெயில் விஷயம் நம்ம ஊருக்கு சொல்லவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மலையே ராத்திரி வரை அனல் கக்கும். ஷீட் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் என்ன பாடுபடும்? ஆனால் இப்போதைய புராசசர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தை குறைத்துக்கொள்ளும். எனவே சூட்டில் முதலில் படம் திக்கி திணறும், கடைசியாகத்தான் அணையும். தூசியை ஊதி எடுக்கும்போது பேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் விவகாரம் என்ன?

நாங்கள் இப்படி அல்லாடிய அதே 2024-ல்தான் உலகம் முழுவதும் இன்டெல் விவகாரம் வெடித்தது. யூடியூபில் அதை பார்த்துவிட்டு பையன், "மாமா, நம்ம புராசசரும் போயிடுச்சா?" என்று மிரண்டான். அவனுடையது 10-ம் தலைமுறை. சிக்கல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்களில்.

13-ம் தலைமுறை 2022 அக்டோபரிலும், 14-ம் தலைமுறை 2023 அக்டோபரிலும் விற்பனைக்கு வந்தன. விலை உயர்ந்த ஐ-9, ஐ-7 வாங்கியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். சில மாதம் நன்றாக ஓடும். அப்புறம் கேம் ஆரம்பிக்கும்போதே மூடிக்கொள்ளும். 'வீடியோ மெமரி போதவில்லை' என்று திரையில் வரும். அதை நம்பி கார்டை மாற்றியவர்கள் பலர். கார்டில் ஒன்றும் இல்லை. கடைசியில் 2024 ஏப்ரலில் என்விடியாவே, இப்படி வந்தால் இன்டெல்லை கேளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 22-ந்தேதி இன்டெல் ஒப்புக்கொண்டது. புராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோடு, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கியதுதான் கோளாறு. அந்த அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் உள்ளே ஒரு பகுதி சீக்கிரமே கிழடு தட்டிவிடுகிறது. முன்பு எவ்வளவு வோல்டேஜில் நிலையாக ஓடியதோ, அது பிறகு போதுவதில்லை. ஆகஸ்டில் '0எக்ஸ்129' என்ற திருத்தமும், செப்டம்பரில் '0எக்ஸ்12பி' என்ற திருத்தமும் வந்தன. போர்டு கம்பெனி இணையதளத்தில் இருந்து பயாசை புதுப்பித்தால் இவை ஏறும்.

முக்கியமான விஷயம், பயாஸ் திருத்தம் இனி கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கனவே கெட்டதை சரி செய்யாது. கெட்டுவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக இன்டெல் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு கூட்டியது. பெட்டியோடு வாங்கிய புராசசருக்கு 3 ஆண்டாக இருந்தது 5 ஆண்டு ஆனது. 2023-ல் வாங்கியவர்களுக்கு 2028 வரை நேரம் இருக்கிறது. பில்லையும், புராசசர் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ஒன்று உறுத்துகிறது. எத்தனை பேர், "நீ ஏதோ ஓவர்கிளாக் பண்ணியிருப்பே" என்று கடையில் திட்டு வாங்கியிருப்பார்கள்? எத்தனை பேர் போர்டு, ரேம், கார்டு என்று வரிசையாக காசை கொட்டியிருப்பார்கள்?

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15-ந்தேதி எத்திரியம் மின்பணம், கிராபிக்ஸ் கார்டு மூலம் தோண்டி எடுக்கும் முறையை கைவிட்டது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் அப்போது மலிவாக சந்தைக்கு வந்தன. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேன், தெர்மல் பேஸ்ட் தேய்ந்திருக்கும். விற்பவர் கண் முன்னே அரை மணி நேரமாவது கேம் ஓட்டி பார்த்துவிட்டு காசை எடுங்க.

கடைசியில் என்ன ஆச்சு?

ரேமை எடுத்துக்கொண்டு கடைக்கு போனால், "ரேமெல்லாம் கெடாது சார், உங்க போர்டுதான்" என்றார்கள். மெம்டெஸ்ட் திரையை செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தோம். பழைய ரேமில் பிழை இல்லை என்ற படமும் இருந்தது. பில்லும் இருந்தது. மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டு, 1915-க்கு போன் போடலாமா என்று பொறுமையாகத்தான் கேட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்கு போகலாம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

அதற்கெல்லாம் அவசியம் வரவில்லை. வாங்கி கம்பெனிக்கு அனுப்பி வைத்தார்கள். 20 நாளில் புது ரேம் வந்தது. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதை பார்த்தபோது, அன்று கடையில் நின்றது நல்லதாய் போயிற்று என்று தோன்றியது.

மாட்டும் முன் அதையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்டில் போட்டு பார்த்தான் பையன். பிழை பூஜ்ஜியம். தாலி கட்டும் காட்சியை மறுபடி ஏற்றி காசு வாங்காமல் கொடுத்தான். ரூ.8 ஆயிரம் கொடுத்து மாற்ற சொன்ன போர்டு இன்னும் அதே பெட்டியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளிர் குழு கடனையும் அக்கா கட்டி முடித்துவிட்டார்.